குடும்பக் குழு: அத்தைக்கு சிப்ரோவா, மெட்ரோஜிலா?

நான்: கோவை அத்தைக்கு க்ரோன்ஸ்ல (குடல் வீங்கிப் புண்ணாகற நாள்பட்ட நோய்) ஃபிஸ்டுலா (குடல்ல இருந்து சுரங்கம் மாதிரி விழற ஓட்டை) வந்து சீழ் வடியுது. சிப்ரோ 500 ரெண்டு வேளை, மெட்ரோஜில் 400 மூணு வேளைன்னு ரெண்டு ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்காங்க. எது உடம்பைக் கம்மியா படுத்தும்? ரெண்டும் வேணுமா?

டாக்டர் அண்ணா: வேற என்னென்ன மாத்திரை ஓடுதுன்னு முதல்ல சொல்லு. அது தெரியாம பதில் கிடையாது.

நான்: பிரெட்னிசோலோன் 20 (ஸ்டீராய்டு), அசதயோப்ரின் (எதிர்ப்பு சக்தியை அடக்கற மாத்திரை), சுகருக்கு கிளிமிபிரைட், அப்புறம் கால்சியம். வயசு 64.

டாக்டர் அண்ணா: அப்போ எனக்கு உறுத்தறது சிப்ரோதான். 60 வயசு தாண்டி, கூடவே ஸ்டீராய்டும் எடுக்கறவங்களுக்கு குதிகால் தசைநார் வீங்கவோ அறுந்து போகவோ வாய்ப்பு அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008லயே இதுக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது. ஆரம்பிச்ச ரெண்டு நாள்லயும் வரலாம், மாத்திரை முடிஞ்சு சில மாசம் கழிச்சும் வரலாம். குதிகாலுக்கு மேல வலிச்சா அடுத்த டோஸ் போடாம டாக்டருக்கு போன் பண்ணணும். தைலம் தேய்ச்சு நீவி விடற வேலையே கூடாது.

மருந்துக்கடை மாமா: கிளிமிபிரைடையும் பாரு. சிப்ரோ சேர்ந்தா சுகர் தடால்னு இறங்கும். ஸ்டீராய்டு ஒரு பக்கம் ஏத்தும், இது ஒரு பக்கம் இறக்கும். வயிறு சரியில்லைன்னு சாப்பாட்டை விட்டுட்டு சுகர் மாத்திரையை மட்டும் போட்டா ஆபத்து. வேர்வை, நடுக்கம், பேச்சு குழறல் வந்தா உடனே குளுக்கோமீட்டர்ல பார்க்கணும்.

கால்சியம், இரும்பு, ஜிங்க், ஆன்டாசிட் எல்லாமே சிப்ரோவைக் குடல்லயே கட்டிப் போட்டுடும், மருந்து ரத்தத்துக்குப் போகாது. இதுங்களுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோதான் சிப்ரோ. காலை 8, ராத்திரி 8னு சிப்ரோ போட்டா கால்சியத்தை மத்தியானம் 1 மணிக்கு வை. பாலோட முழுங்க வேண்டாம், தண்ணி போதும்.

நர்ஸ் சித்தி: மெட்ரோஜில்ல வாய் கசக்கும், இரும்பு நக்கின மாதிரி ருசி வரும், குமட்டும். சிறுநீர் கறுத்துப் போனாலும் பயப்பட வேண்டாம். சாப்பிட்டுப் போட்டா குமட்டல் குறையும். கவனிக்க வேண்டியது கால் மரமரப்பு. 400 மூணு வேளைன்னா ஒரு நாளைக்கு 1.2 கிராம். மொத்தம் 42 கிராம் தாண்டினா நரம்பு பாதிப்பு கூடுதுன்னு கணக்கு, அதாவது 35 நாள். ஃபிஸ்டுலாவுக்குப் பல வாரம் ஓட்டுவாங்களே, அதான் கேள்வி.

கண்ணு, அவங்களுக்கு சுகரும் இருக்கு. பாதத்துல ஏற்கெனவே எரிச்சல், மரத்துப் போறது இருக்கான்னு மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வை. இல்லைன்னா பின்னாடி சுகரா மருந்தான்னு பிரிக்கவே முடியாது.

டாக்டர் அண்ணா: சித்தி சொன்னது ரொம்ப முக்கியம். சிப்ரோவும் நரம்பைத் தொடும், ரெண்டும் சேர்ந்தா யாரைக் குத்தம் சொல்றது? மரமரப்பு ஆரம்பிச்ச உடனே தகவல் சொல்லணும். தள்ளிப் போட்டா சிலருக்கு அது முழுசா சரியாகறதில்லை.

மருந்துக்கடை மாமா: மெட்ரோஜில் ஓடும்போது அரிஷ்டம் எதுவும் கொடுத்துடாதீங்க. அது புளிக்கும்போதே ஆல்கஹால் ஊறுது. மாத்திரை முடிஞ்சும் 3 நாள் விட்டுடணும்.

பெரியப்பா: இவ்வளவு எதுக்கு? ஓஃப்ளாக்ஸசின் ஆர்னிடசோல் ஒரே மாத்திரையா கடையில கிடைக்குதே. பேதிக்கு எல்லாரும் அதைத்தானே போடறாங்க.

டாக்டர் அண்ணா: பெரியப்பா, அது இதே ரெண்டு மருந்தோட பங்காளிங்கதான். ஓஃப்ளாக்ஸசினும் தசைநாரைப் பிடிக்கும். இன்னொன்னு, நம்ம ஊர்ல குடல் டிபியும் க்ரோன்ஸும் பார்க்க ஒண்ணாவே இருக்கும். சிப்ரோ, ஓஃப்ளாக்ஸசின் வகை மருந்து டிபி கிருமியை அரைகுறையா அடக்கி வைக்கும், நோய் தெரிய வர்றதும் தள்ளிப் போகும். அத்தைக்கு பயாப்சில டிபி இல்லைன்னு பார்த்துட்டாங்களா?

நான்: பார்த்துட்டாங்க அண்ணா, இல்லை. ரிஃபாக்சிமின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் பத்திப் படிச்சேன், தொந்தரவே இல்லையாமே?

டாக்டர் அண்ணா: ரத்தத்துல 1% கூட ஏறாது, அதான் தொந்தரவு கம்மி. குடலுக்குள்ளயே தங்கற மருந்து குடலுக்கு வெளியே இருக்கற சீழுக்கு எப்படிப் போகும்? இந்த வேலைக்கு அது ஆகாது. உள்ள சீழ் கட்டியிருந்தா எந்த ஆன்டிபயாட்டிக்கும் தனியா போதாது, வடிக்கணும். எம்ஆர்ஐ எடுத்தாச்சான்னு கேளு.

நர்ஸ் சித்தி: ஒண்ணு விட்டுப் போச்சு. மருந்து ஆரம்பிச்ச அப்புறமோ, முடிஞ்சு சில வாரத்துலயோ பேதி திடீர்னு கூடினா க்ரோன்ஸ் கிளம்பிடுச்சுன்னு நினைச்சு ஸ்டீராய்டை ஏத்தக் கூடாது. முதல்ல மலத்துல சி டிஃபிசில் (ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது குடல்ல பெருகி பேதி வரவைக்கற கிருமி) டாக்சின் டெஸ்ட். லோபரமைடு கொடுத்துப் பேதியை நிறுத்தவும் கூடாது. அந்தக் கிருமியோட வித்து சானிடைசருக்குச் சாகாது, சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவணும்.

மருந்துக்கடை மாமா: சி டிஃபிசிலுக்கு வான்கோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுதினா வாய்வழி 125 மில்லிகிராம், நாலு வேளை, 10 நாள். நரம்புல போடற ஊசி குடலுக்குள்ள போய்ச் சேராது. கடையில மாத்தித் தந்துடாம பார்த்துக்கோ.

நான்: சரி மாமா. இப்போ நானே சிப்ரோவை நிறுத்தட்டுமா?

டாக்டர் அண்ணா: நீயா நிறுத்தாதே. குடல் டாக்டர்கிட்ட நாளைக்கே கேளு: ஸ்டீராய்டு ஓடும்போது சிப்ரோ வேணுமா, மெட்ரோஜில் மட்டும் போதுமா, மொத்தம் எத்தனை நாள், சிப்ரோ ஓடற வரைக்கும் கிளிமிபிரைடைக் குறைக்கணுமான்னு. பதில் வந்ததும் இங்க போடு.