பாதி வேலையில் விலை கூடினால் யார் பொறுப்பு? நாகர்கோவில் டாட்டூ கடையில் ஒரு தகராறு

ஊசிமுனை (நாகர்கோவில்):
செட்டிகுளம் பக்கம் ஆறு வருடமாகச் சின்னதாக ஒரு டாட்டூ கடை நடத்துகிறேன். சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளின் பெயரையும் முன்கையின் உள்பக்கம் போட வேண்டும் என்று வாட்ஸப்பில் கேட்டார். சதுர இஞ்சுக்கு 500, நான்குக்கு இரண்டு அளவில் போட்டால் 4000 வரும் என்றேன். சரி என்றார். மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஊசி வைக்கும் முன் படத்தின் அச்சைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை ஒட்டிக் காட்டினேன். கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "பைக்ல போனா எதிர வாறவனுக்குத் தெரியாண்டாமா மக்கா" என்றார் மச்சான். பெரிதாக்கினேன். அப்புறம் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு சிலுவை வேண்டும் என்றார்கள். அதையும் சேர்த்தேன். நீளம் 5, உயரம் இரண்டரை. மொத்தம் பன்னிரண்டரை சதுர இஞ்ச், 6250 ரூபாய். மெஷினை எடுக்கும் முன் "கொஞ்சம் கூடும் அண்ணே" என்று சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம், நீ போடு" என்றார்.

மூன்று மணி நேர வேலை. முடித்துத் துடைத்து, பிலிம் சுற்றித் தொகையைச் சொன்னதும் மச்சான் எழுந்தார். மேசையில் கிடந்த என் ஸ்கேலையே எடுத்து எழுத்து எழுத்தாக அளக்க ஆரம்பித்துவிட்டார். "எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்க வெறும் தோலுக்கும் காசா?" என்று கேள்வி. கடையில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். 4500-ஐ மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் கூகுளில் ஒரு நட்சத்திரம், "சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று, ஏமாற்று" என்று. 1750 போனது போகட்டும், அந்த 'ஏமாற்று'தான் தொண்டையில் நிற்கிறது.

பில்லுஎங்கே (வடசேரி):
கோபப்படாதீர்கள். தப்பு உங்கள் பக்கம்தான்.

'கொஞ்சம் கூடும்' என்பது ஒரு விலையா? நூறு கூடினாலும் கொஞ்சம்தான், ஆயிரம் கூடினாலும் கொஞ்சம்தான். நீங்கள் 2250 கூட்டினீர்கள், பாதிக்கும் மேலே. ஆட்டோக்காரர் வடசேரியிலிருந்து கோட்டாறுக்கு ஒரு தொகை பேசி ஏற்றிவிட்டு, இறங்கும்போது 'வழியில் கொஞ்சம் சுற்றினோம்' என்று ஒன்றரை மடங்கு கேட்டால் கொடுப்பீர்களா?

இன்னொன்று, பில் கொடுத்தீர்களா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-படி சேவை செய்துவிட்டு பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. அவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டால் போதும். நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஒரு நட்சத்திரத்தோடு விட்டாரே என்று சந்தோஷப்படுங்கள்.

ஊசிமுனை:
பில் கொடுக்கவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டோ உதாரணம் சரியில்லை அண்ணே. சுற்றச் சொன்னதே ஏறியவர்தானே? 'அப்படியே சுசீந்திரம் போயிட்டு வா' என்று சொல்லிவிட்டுக் கோட்டாறு வாடகை கொடுக்கிற கதை இது.

பில்லுஎங்கே:
அப்படியென்றால் சுசீந்திரத்துக்கு எவ்வளவு என்று வண்டியைத் திருப்பும் முன் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மையும்தோலும் (மார்த்தாண்டம்):
நானும் இதே தொழில்தான், ஒன்பது வருடம். தம்பி, உன் முதல் தப்பே இஞ்ச் கணக்கு. துணிக்கடையில் மீட்டர் சொல்வது மாதிரி இஞ்ச் சொன்னால் வருகிறவன் ஸ்கேலோடுதான் வருவான். அவன்மேல் என்ன குற்றம்?

ஒரு இஞ்ச் கறுப்பு நிரப்பவும் ஒரு இஞ்சில் மாதாவின் முகம் போடவும் ஒரே வேலையா? முகத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் மாதா அழுவது மாதிரி ஆகிவிடும். பெரிய படம் லேசாகவும் இருக்கலாம், சின்னப் படம் உயிரை எடுக்கவும் செய்யலாம். அதனால் நான் இஞ்சே சொல்வதில்லை. 'இந்தப் படம், இந்த இடம், இவ்வளவு' அவ்வளவுதான். பாதி அட்வான்ஸ் ஜிபேயில் வந்த பிறகுதான் படமே வரைவேன். பேரம் பேசுகிறவர்களுக்கு ஒரே பதில்: கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் போங்கள், அங்கே கம்மியாகப் போடுவார்கள், ஊசி யாருக்குப் போட்டது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், மச்சானோடு வருகிறவனை உள்ளே விடாதே. தனியாக வருகிறவன் பேரம் பேசமாட்டான். கூட வந்தவன்முன் தோற்கக்கூடாது என்றுதான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள்.

விசைப்படகு (குளச்சல்):
மார்த்தாண்டம் அண்ணன் பேசுவது காசுள்ளவன் பேச்சு. எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் பக்கத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, அது கிழக்குக் கரைக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடை. டாட்டூ போடுவதற்கு எங்களுக்கு அதை விட்டால் நேரம் கிடையாது, ஏனென்றால் போட்டபின் ரெண்டு மூணு வாரம் உப்புத் தண்ணி படக்கூடாது என்கிறீர்கள். கடலுக்குப் போகிறவன் எப்படிப் படாமல் இருப்பான்? தடையில் நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. தொழில் நடக்கும்போது காசு இருக்கும், கை காயாது. இதில் பாதி அட்வான்ஸ், அதுவும் ஜிபேயில் என்றால் நாங்கள் எங்கே போவது?

நான் 2 வருடம் முன்னால் முதுகில் படகு போட்டேன். பெயர் சொல்லவில்லை, ஒரு கடை. 7000 என்று பேசி, தடை முடிந்ததும் ஆகஸ்டில் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஒரு சண்டையும் இல்லை. எழுதி வைத்ததும் இல்லை. ஆளைப் பார்த்து நம்ப வேண்டும்.

மையும்தோலும்:
மக்கா, ஒருவர் ஒழுங்காகக் கொடுத்தார் என்பதற்காக ஊருக்கே கடன் திறக்க முடியுமா? டிவியைத் தவணையில் வாங்கிவிட்டுக் கட்டாமல் விட்டால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். உன் முதுகிலிருந்து படகை நான் எப்படித் தூக்குவது?

விசைப்படகு:
😂 முதுகைத்தான் தூக்க வேண்டும்.

தக்கலைடீச்சர்:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். எங்கள் பாட்டியின் முன்கையில் பச்சை உண்டு, புள்ளியும் கோடுமாக ஒரு கோலம். பச்சை குத்த வருகிற அம்மா திண்ணையில் உட்கார்ந்து குத்துவாராம். கூலி ஒரு நாழி அரிசியும் ஒரு பழைய சேலையும். பாட்டி வலி தாங்காமல் பாதியில் கையை இழுத்துக்கொண்டதால் கோலம் கடைசிவரை மூடவே இல்லை. கூலி மட்டும் முழுசாக வாங்கிப் போனாராம் அந்த அம்மா. 'கையை இழுத்தது நீ, நானா' என்றாராம். பாட்டி சாகும்வரை அந்த அரை நாழி அரிசியைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். தகராறு புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் ஊசிமுனை தம்பியிடம் ஒரு கேள்வி. அந்த வெறும் தோல் விஷயம். எழுத்துகளுக்கு நடுவே இருக்கிற இடத்துக்கு ஏன் காசு? பில்லுஎங்கே சட்டம் பேசினார், இதை யாருமே கேட்கவில்லையே.

ஊசிமுனை:
நல்ல கேள்வி டீச்சர், சனிக்கிழமை எனக்குப் பதில் வாயில் வரவில்லை. படத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அளப்பதுதான் வழக்கம். அந்த வெறும் தோல் சும்மா இருப்பதில்லை. எழுத்துக்கு நடுவே இடம் விடவில்லை என்றால் பத்து வருடத்தில் மை தோலுக்குள் பரந்து 'ன'வும் 'ள'வும் ஒன்றாகிவிடும். 'ஜெனி' என்று போட்ட பெயரை யாராலும் வாசிக்க முடியாது. இடம் விடுவதுதான் எழுத்து வேலையே. ஸ்டென்சிலை நான் இரண்டு முறை ஒட்டி அழித்தேன், கை திரும்பும்போது வரி வளையாமல் இருக்க. அந்த நேரம் இஞ்சில் வராது. அதோடு புது ஊசி கார்ட்ரிட்ஜ், மை ஊற்றும் குட்டிக் கப்பு, கையுறை, பிலிம் எல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். அப்புறம் குப்பைதான்.

பில்லுஎங்கே:
இதை எல்லாம் இங்கே எவ்வளவு அழகாக எழுதுகிறீர்கள்! சனிக்கிழமை அவரிடம் சொன்னது 'கொஞ்சம் கூடும்'.

மையும்தோலும்:
வடசேரிக்காரர் சொல்வதில் இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஸ்டென்சில் ஒட்டி, அளவு முடிவானதும், தோலில் எழுதும் மார்க்கரால் படத்துக்குப் பக்கத்திலேயே தொகையை எழுதிவிடுவேன். கையிலேயே, '6250' என்று. அவர் அதைப் பார்ப்பார். போனில் ஒரு படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிட்டு, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஊசி. அளவு மாறினால் எண்ணும் மாறும். சொந்தக் கையில் இருந்த எண்ணை 'நீ சொல்லவே இல்லை' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இரண்டு பேர் எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். போகட்டும், ஸ்டென்சில் தாள்தான் நஷ்டம்.

தக்கலைடீச்சர்:
விலைச்சீட்டை ஆளின் மேலேயே ஒட்டுகிறீர்கள்! கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் புத்திசாலித்தனம்தான்.

விசைப்படகு:
எனக்குப் பிடிக்கவில்லை. மாட்டுச் சந்தை மாதிரி.

காக்கிக்கனவு (தோவாளை):
இங்கே யாரும் சொல்லாத ஒரு தகராறு. நான் மேல்கையில் புலி போட்டேன், 3000. ஆறு மாதம் கழித்து ஆர்மி செலக்‌ஷனுக்குத் தயாரானபோதுதான் தெரிந்தது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கமும் புறங்கையும் மட்டும்தான் அனுமதி, பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. கடைக்காரரிடம் போய்ப் பாதிக் காசாவது கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. வயதையும், என்ன படிக்கிறேன் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் போட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

ஊசிமுனை:
தம்பி, வருத்தமாகத்தான் இருக்கிறது. காசு திருப்பிக் கொடுக்க அவருக்குக் கடமை இல்லை. ஆனால் நான் இருபது வயதுக்காரன் யார் வந்தாலும் 'போலீஸ், ஆர்மி ஏதாவது எழுதுறியா?' என்று கேட்டுவிடுவேன். இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

சரி, ரிவ்யூவுக்கு என்ன பதில் போடலாம்? 'முதலில் பேசிய அளவு 8 சதுர இஞ்ச், பிறகு நீங்களே கேட்டு 12.5 ஆனது, ஏமாற்றவில்லை, மச்சானிடம் கேளுங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் கையின் படமும் போடலாமா?

பில்லுஎங்கே:
படம் கூடவே கூடாது. பிள்ளைகள் பெயர் அதில் இருக்கிறது. மச்சானையும் விடுங்கள். அளவு மாறியதைச் சொல்லுங்கள், புதுத் தொகையை ஊசி வைக்கும் முன் தெளிவாகச் சொல்லாதது உங்கள் தப்பு என்றும் சொல்லுங்கள். வாசிக்கிறவர் அவர் இல்லை, அடுத்து வரப்போகிறவர்.

மையும்தோலும்:
தப்பு என்று எழுதாதே! எழுதிவிட்டால் நாளைக்கு ஊரில் எல்லாரும் அதைக் காட்டியே குறைப்பார்கள்.

ஊசிமுனை (நான்கு வாரம் கழித்து):
தொடர்ச்சி கேட்டவர்களுக்காக. வடசேரி அண்ணன் சொன்னபடிதான் பதில் போட்டேன். மார்த்தாண்டம் அண்ணன் கோபிக்க வேண்டாம்.

போன வாரம் அவரே மெசேஜ் போட்டார். ஒரு எழுத்தின் வளைவில் மை வெளிறிவிட்டது, லீவு முடிகிறது, டச்சப் செய்து தருவாயா என்று. ஒரு மாதத்துக்குள் ஒரு டச்சப் இலவசம் என்று கடையில் நானே எழுதிப் போட்டிருக்கிறேன். 1750 பாக்கி வைத்தவனுக்கு இலவசமா என்று என் வீட்டுக்காரியே கேட்டாள். வரச் சொன்னேன்.

தனியாக வந்தார். பத்து நிமிட வேலை. நான் எதுவும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. போகும்போது பர்ஸைத் திறந்து ஆயிரம் ரூபாயை மை பாட்டிலுக்குக் கீழே வைத்தார். "மச்சான்ட்ட சொல்லாண்டாம்" என்றார். இந்த முறை பில் எழுதிக் கொடுத்தேன், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பில்லுஎங்கே:
ஆயிரத்துக்குப் பில்லா, 5500-க்கா?

ஊசிமுனை:
5500-க்கு.

மையும்தோலும்:
மீதி 750?

ஊசிமுனை:
கேட்கவில்லை அண்ணே. ரிவ்யூவும் ஒரு நட்சத்திரத்திலேயேதான் இருக்கிறது.