சென்சிடிவிட்டி: உங்கள் வேலையில் அது எப்படி வருகிறது, எங்கே சறுக்குகிறது?

ஆற்றோரம்
வணக்கம். மலேசியாவில் தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கத் தோட்டங்களுக்கு மாஸ்டர்ஸ், பிஎச்டி பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை வெட்டுகிறார், ஒருவர் இரத்தம் எடுக்கிறார், ஒருவர் லயத்து வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கேள்வி கேட்கிறார். மூவர் அறிக்கையிலும் சென்சிடிவிட்டி உண்டு. முதலாமவருக்கு 0.08 வந்தால் சந்தோஷம், இரண்டாமவருக்கு 92 வந்தால் சந்தோஷம், மூன்றாமவருக்கு அது எண்ணே இல்லை. அவரவர் துறையில் அதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள், எந்த இடத்தில் கை வழுக்கும் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலை நுணுக்கம் போதும்.

லேப் அக்கா
டெங்கி கிட்டிலிருந்து (உடனடிச் சோதனைப் பெட்டி) தொடங்குகிறேன், இங்கே அதிகம் புழங்குவது அதுதான்.

நோய் உறுதியாக உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடித்தது என்பதே எங்கள் சென்சிடிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேருக்குச் சரியாக 'இல்லை' என்றது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. இந்த இரண்டையும் ஜோடியாக வைத்து, நெஞ்சு எக்ஸ்ரே படிப்பவர்களை ஒப்பிட 1947இல் எருஷால்மி எழுதிய கட்டுரையிலிருந்து இது மருத்துவத்தில் பரவியது. மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, பாசிட்டிவ் வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. அது வேறு கணக்கு. கற்பனையாக ஒரு கிட்: சென்சிடிவிட்டி 90, ஸ்பெசிஃபிசிட்டி 95. சோதனைக்கு வந்த 1000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கி என்றால் 18 பேரைப் பிடிக்கும், கூடவே 49 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் கோடு காட்டும். கோடு வந்த 67 பேரில் உண்மை 27 சதவீதம்தான். நோய் கொதிக்கும் மாதத்தில் 1000க்கு 300 பேருக்கு இருந்தால், அதே கிட்டில் கோடு வந்தவர்களில் 88 சதவீதத்துக்கு மேல் உண்மை. கிட் மாறவில்லை, வந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

அடுத்தது நாள். என்எஸ்1 (வைரஸின் புரதம்) காய்ச்சலின் முதல் நாளிலிருந்து சுமார் ஐந்தாம் நாள்வரை நன்றாகத் தெரியும். ஐஜிஎம் (உடலின் எதிர்ப்புப் பொருள்) நான்கு, ஐந்து நாளுக்குப் பிறகுதான் ஏறும். தோட்டத்தில் பலரும் முதலில் பனடோல் போட்டுப் பார்த்துவிட்டு, முடியாமல் போனபின்தான் வருவார்கள். அந்த நேரம் என்எஸ்1 இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டாம் முறை டெங்கி வந்தவருக்கு இன்னொரு சிக்கல்: பழைய எதிர்ப்புப் பொருள் என்எஸ்1ஐக் கட்டிப்போட்டுவிடும், கோடு வராது. கிட் தாளில் அச்சிட்ட எண், தேர்ந்தெடுத்த சீரத்தில் (இரத்தத் தெளிநீர்) கிடைத்தது. நம் கிளினிக் வரிசைக்கு அதே எண் வருமென்று நம்ப வேண்டாம். ஆய்வில் எழுதும்போது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதைத் தனிப் பத்தியாக வையுங்கள். நாள் இல்லாத சென்சிடிவிட்டியை நான் படிப்பதில்லை.

கை வேலையில்: பரவலாக உள்ள இரட்டைக் காசெட்டில் என்எஸ்1 பக்கம் 3 சொட்டு சீரம், எதிர்ப்புப் பொருள் பார்க்கும் மறுபக்கம் 10 மைக்ரோலிட்டர் சீரமும் 4 சொட்டு பஃபரும். உங்கள் கிட்டின் தாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். அரை மணி கழித்துத் தெரியும் மெல்லிய கோட்டை எண்ணினால் சென்சிடிவிட்டி கூடியதுபோல் தெரியும், உண்மையில் பொய்ப் பாசிட்டிவ் கூடியிருக்கும். குளிரிலிருந்து எடுத்த கிட்டை அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும். நம் ஊர் ஈரக் காற்றில் பையைப் பிரித்து மேசையில் போட்டுவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போகக் கூடாது.

ஆற்றோரம்
அக்கா, 'கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி' என்று ரிப்போர்ட் வருகிறதே, அதற்கும் இதுதானா?

லேப் அக்கா
இல்லை தம்பி, அது கிருமியின் குணம். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது. மியூலர் ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) 4 மில்லிமீட்டர் ஆழம், கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல், கலக்கிய 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும், பூசிய 15 நிமிடத்துக்குள் மருந்து தோய்த்த டிஸ்க் வைக்க வேண்டும், 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். பிறகு டிஸ்கைச் சுற்றிய வெற்று வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவோம்.

அகார் தடித்தாலோ, கரைசல் அடர்ந்தாலோ, டிஸ்க் ஃபிரிட்ஜுக்கு வெளியே கிடந்து வீரியம் போனாலோ வட்டம் சுருங்கும், அடங்கும் கிருமி அடங்காததாகத் தெரியும். அகார் மெலிந்தால் தலைகீழ், இதுதான் ஆபத்து, நோயாளிக்கு வேலை செய்யாத மருந்து போய்ச் சேரும். அதனால்தான் வட்டம் இவ்வளவு வரவேண்டும் என்று முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுக் கிருமியையும் கூடவே பூசுகிறோம். இன்னொன்று, ரிப்போர்ட்டில் வரும் 'ஐ' (I) என்ற எழுத்து. ஐரோப்பிய அட்டவணையில் 2019 முதல் அதற்கு 'கூடுதல் அளவு கொடுத்தால் அடங்கும்' என்று பொருள். பழைய 'இரண்டுங்கெட்டான்' பொருளில் படித்து மருந்தை ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மண்ணில் வேலை செய்பவர்களுக்கு வரும் மெலியோய்டோசிஸ் கிருமி ஜென்டாமைசினுக்கு வழக்கமாக அடங்காது. அதை வைத்தே பல லேப்கள் சந்தேகப்படும். ஆனால் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகை பதிவாகியிருக்கிறது. தீபகற்ப வழக்கத்தை அங்கே அப்படியே எடுத்துப் போனால் கிருமியையே தவறவிடலாம்.

பதினேழாம் மட்டை
இலைச் சோதனைப் பக்கம். லேப் அக்கா சொன்னதில் எண் ஏற ஏற நல்லது. சுடரில் ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்த்து உலோகத்தை அளக்கும் அட்டாமிக் அப்சார்ப்ஷனில் பழைய வழக்கப்படி இறங்க இறங்க நல்லது. 1 சதவீத ஒளியை விழுங்க எவ்வளவு செறிவு வேண்டும் என்பதே அங்கே சென்சிடிவிட்டி; அப்சார்பன்ஸில் (ஒளி விழுங்கும் அளவு) 0.0044. செம்பு 324.8 நானோமீட்டரில், லிட்டருக்கு 4 மில்லிகிராம் கரைசல் 0.2 காட்டினால், 4 × 0.0044 ÷ 0.2 = 0.088 மில்லிகிராம். அதே கரைசல் 0.1தான் காட்டினால் எண் 0.176 ஆகும், கருவி பாதியாக மழுங்கிவிட்டது என்று பொருள். 'சென்சிடிவிட்டி இரட்டிப்பானது' என்று ஒரு வரைவில் பார்த்திருக்கிறேன், எழுதியவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

மழுங்கினால் பார்க்கவேண்டிய வரிசை: நெபுலைசர் குழாய் அடைப்பு, பர்னர் ஒளிப்பாதையில் நேராக நிற்கிறதா, லாம்ப் மின்னோட்டம் கூடிப்போனதா, கடைசியாக அசிட்டிலீன் சிலிண்டர். சிலிண்டர் அழுத்தம் 600 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் அசிட்டோன் சேர்ந்து வந்து சுடர் ஆடும்.

சென்சிடிவிட்டி என்பது ஸ்டாண்டர்டு கோட்டின் சரிவு. எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்க முடியும் என்பது வேறு: பிளாங்க்கை (உலோகம் சேர்க்காத வெறும் கரைசல்) பத்து முறை படித்து, திட்ட விலகலை 3ஆல் பெருக்கி, சரிவால் வகுப்பது. கெயினைக் கூட்டினால் சரிவு ஏறும், இரைச்சலும் ஏறும். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் பாட்டோடு கரகரப்பும் ஏறுவது மாதிரி, கண்டுபிடிக்கும் எல்லை அங்கேயே நிற்கும்.

இது ஏன் நம் ஊரில் முக்கியம் என்றால், பீட் (சதுப்புக் கரி) மண் செம்பனைக்குச் செம்புக் குறை வரும், நடுக் கொண்டை மஞ்சளாகும். காய்ந்த இலையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் செம்பு என்று வையுங்கள். 1 கிராம் இலையைக் கரைத்து 50 மில்லியாக்கினால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அப்சார்பன்ஸ் 0.005. கருவியின் கடைசி இலக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குறையா நிறையா என்று தீர்ப்புச் சொல்கிறோம். 2 கிராம் எடுத்து 25 மில்லியில் நிறுத்தினால் நான்கு மடங்கு கிடைக்கும், கருவியை மாற்ற வேண்டியதில்லை.

மட்டை எண்ணுவதில் கவனம். முழுதாக விரிந்த இளையது 1, அதே சுருளில் கீழே 9, அதற்கும் கீழே 17, வெட்டவேண்டியது அதுதான். 16ஐயோ 18ஐயோ வெட்டினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. மட்டையின் நடுப்பகுதியில் இரு பக்கமும் இலைகளை எடுத்து, ஒவ்வொன்றின் நடுத்துண்டை மட்டும் வைத்து, ஈர்க்கை நீக்கித் துடைக்கவும். காலையில் வெட்டுங்கள். பலத்த மழை பெய்த உடனே வேண்டாம்.

வயர்மேன்
எங்களிடம் இரண்டு விதம் அண்ணே. ஆர்சிசிபியில் (மின்கசிவு கண்டால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லிஆம்ப், 100 மில்லிஆம்ப் என்று எழுதியிருப்பது சென்சிடிவிட்டி. எண் சின்னதானால் உணர்வு கூட. 30 என்றால் 15க்குக் கீழே விழக் கூடாது, 30க்குள் விழுந்தாக வேண்டும். லேப் கொட்டகையில் ஓவன், பம்பு, ஃபிரீசர் எல்லாம் ஒரே 30இல் போட்டால், ஒவ்வொன்றும் கொஞ்சம் கசிந்து மொத்தம் 15ஐத் தாண்டி, ராத்திரியில் விழுந்து சாம்பிள் எல்லாம் உருகும். ஃபிரீசரைத் தனி சர்க்யூட்டில் போடுங்கள்.

இன்னொன்று ஊசி மீட்டர். 'வோல்ட்டுக்கு 20 கிலோஓம்' என்பது அதன் சென்சிடிவிட்டி, 10 வோல்ட் ரேஞ்சில் 200 கிலோஓம். மண் ஈர சென்சர் மாதிரி 100 கிலோஓம் இரண்டு தொடரில், 10 வோல்ட் கொடுத்து நடுவில் அளந்தால் 5 வரவேண்டியது 4தான் வரும். மீட்டரே மின்னோட்டத்தைக் குடித்துவிடும். 10 மெகாஓம் டிஜிட்டலில் 4.98 வரும். சென்சர் கெட்டுவிட்டது என்று கழற்றி எறியும் முன் மீட்டரைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
மறுநடவுக் கணக்கில் வரும் சென்சிடிவிட்டி அனாலிசிஸ். எல்லா உள்ளீட்டையும் 10 சதவீதம் ஏற்றி இறக்கி, எது லாபத்தை அதிகம் ஆட்டுகிறது என்று வரிசைப்படுத்துவார்கள். உதாரணத்துக்கு, ஒரு ஹெக்டருக்கு 20 டன் குலை, டன் 800 ரிங்கிட், வரவு 16,000; செலவு 10,000, அதில் உரம் 3,000; லாபம் 6,000. விலை 10 சதவீதம் விழுந்தால் லாபம் 4,400, 27 சதவீத இறக்கம். உரம் 10 சதவீதம் ஏறினால் 5,700, 5 சதவீதம்தான். விலையே முக்கியம் என்று முடிவு எழுதிவிடுவார்கள். ஆனால் 2021, 2022இல் உர விலை எப்படி எகிறியது என்று எல்லாருக்கும் தெரியும். உரம் இரட்டிப்பானால் லாபம் 3,000, பாதி போயிற்று. ஒரே சதவீதத்தால் ஆட்டுவது சமமாகத் தெரியும், ஆனால் உலகம் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஆட்டுவதில்லை. அந்தந்த உள்ளீட்டின் உண்மையான வீச்சைக் கொடுங்கள்.

ஒவ்வொன்றாக ஆட்டினால் கூட்டுவிளைவும் தெரியாது. உரத்தைக் குறைத்தால் மகசூல் அடிபட ஓரிரு வருடம் பிடிக்கும், முதல் வருடக் கணக்கில் மிச்சம்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து ஆட்டிப் பார்க்க சோபோல் குறியீடு இருக்கிறது. ஓர் உள்ளீட்டின் தனிப் பங்குக்கும் மொத்தப் பங்குக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அது வேறொன்றோடு கைகோத்து வேலை செய்கிறது என்று பொருள்.

கேள்வித்தாள்
அந்த 'எண்ணே இல்லாத' மூன்றாமவர் பக்கம் நான். எங்களுக்கு அது சொல்லக் கூசும் விஷயம்: ஆ லோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடன், சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை), சம்சு (மலிவுச் சாராயம்), வீட்டில் அடி. நேராகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். லயத்தில் சுவர் மெலிசு, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். கேட்க வந்தவர் மண்டோருக்கு (வேலை மேற்பார்வையாளர்) உறவாக இருந்தால் தீர்ந்தது.

வார்னர் 1965இல் கொடுத்த யோசனையின் எளிய வடிவம்: பதில் சொல்பவர் மூடிய குவளையில் பகடை உருட்டி, தானே பார்ப்பார். 1 விழுந்தால் எதுவானாலும் 'ஆம்', 6 விழுந்தால் எதுவானாலும் 'இல்லை', மற்றதற்கு உண்மை. யார் 'ஆம்' சொன்னாலும் காரணம் பகடையா கடனா என்று நமக்குத் தெரியாது. 200 பேரில் 60 பேர் 'ஆம்' என்றால் 0.30. அதில் பகடையின் 0.167ஐக் கழித்து, உண்மை சொன்ன பங்கான 0.667ஆல் வகுத்தால் 0.20. ஐந்தில் ஒருவர். விலையும் உண்டு: அதே துல்லியத்துக்கு நேர்க் கேள்வியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆட்கள் வேண்டும்.

கெட்டுப்போகும் இடம்: 1 விழுந்தும் 'நான் கடன்காரன் இல்லை' என்று 'இல்லை' சொல்லிவிடுவார்கள். கணக்கு கீழே இழுக்கும், சில சமயம் மைனஸில்கூட வரும். அதனால் தொடங்குமுன் வலிக்காத கேள்வி ஒன்றில், 'இன்று காலை ரொட்டி சானாய் சாப்பிட்டீர்களா' என்பது மாதிரி, இரண்டு மூன்று முறை உருட்டிப் பழக்குங்கள். பகடையை அவர்களிடமே விட்டு வாருங்கள்.

தரவை வைப்பதில், மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் 'சென்சிடிவ்' பட்டியலில் உடல் மனநலம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, குற்றம் இருக்கின்றன. 2024 திருத்தத்தில் கைரேகை போன்ற உடல் அடையாளங்களும் சேர்ந்தன. இனம் இல்லை, கடன் இல்லை, ஐசி நிறம் இல்லை. சட்டப் பட்டியலை மட்டும் பார்த்து மற்றதைத் திறந்து வைப்பவர்கள் தோட்டத்தைப் புரிந்துகொள்ளவில்லை. லயம் எண், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் கிராணி (தோட்ட எழுத்தர்) பெயரையே சொல்லிவிடுவார்.

ஆற்றோரம்
எங்கள் ஆய்வில் மொத்தம் 40 வீடுதான். பகடை முறை சரிவருமா?

கேள்வித்தாள்
வராது. 40 பேரில் அதே 0.30 வந்தால் 20 சதவீதத்துக்குக் கூட்டல் கழித்தல் 21. பூஜ்யமும் உள்ளே, நாற்பதும் உள்ளே. மூடிய உறை, ஒரே மாதிரி பென்சில், பூட்டிய பெட்டி வையுங்கள். சீட்டில் எண் எதுவும் போடாதீர்கள். எல்லா வீடும் முடிந்தபின் ஒரே தடவையில் பெட்டியைத் திறங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆமுக்கு ஒரு நிறம், இல்லைக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, பச்சைப் பாசிமணி இரண்டும் கொடுத்து, பதிலுக்கானதைப் பெட்டியிலும் மற்றதைக் கழிவுப் பையிலும் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே எடையாக, விழும்போது ஒரே சத்தமாக இருக்க வேண்டும்.