சுண்ணாம்பு போட்டும் மண்ணுல காட்மியம்ங்கிற விஷ உலோகம் அப்படியே இருக்கு. உங்க வயல்ல என்ன ஆச்சு?

வரப்போரம்
ரெண்டு வருஷம் ஆகியும் மனசு ஆறல. பி.எச். (மண்ணோட புளிப்பைக் காட்டுற எண், குறைஞ்சா புளிப்பு அதிகம்) 5.2 இருந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு 6.6 வரைக்கும் ஏத்தினேன். மறுபடி மண் கொடுத்தா, காட்மியம் பழைய எண்ணே! ஆய்வகத்துல சத்தம் போட்டுட்டேன். அங்க இருந்தவர் நிதானமா, "கீரையைக் கொண்டுவந்தீங்களா?"ன்னார். கொண்டுபோனேன், அதுல காட்மியம் முன்னைவிடப் பாதிக்கும் கீழ. மண்ணை அமிலத்துல முழுசாக் கரைச்சு அளந்தா இருக்கிறது எல்லாமே காட்டுமாம். சுண்ணாம்பு எதையும் வெளியேத்தாது, வேருக்குக் கிடைக்காமப் பண்ணுது, அவ்வளவுதான். உலோகம் தூங்குது.

மடைத்தண்ணி
நான் நெல். தண்ணி நின்னா காட்மியம் கந்தகத்தோட சேர்ந்து அடங்கிடும்னு படிச்சு, பூ வந்ததுலேர்ந்து வயலைக் காயவே விடல. அரிசியில காட்மியம் அருமையாக் குறைஞ்சிருந்துச்சு. அதுக்கு அடுத்த வரியில சிவப்பு மையில ஒரு வட்டம்: ஆர்சனிக், அதுவும் விஷம்தான். காத்து போகாத சேத்துல இரும்புத்துரு கரையும், அது பிடிச்சு வச்சிருந்த ஆர்சனிக்கும் கூடவே வெளிய வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்டா ஆர்சனிக் குறையும், காட்மியம் ஏறும். அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

மூணாம்போகம்
வரப்போரம், "தூங்குது"ன்னு நிம்மதியா இருக்காதீங்க, முழிச்சுக்கும். அம்மோனியம் சல்பேட்டா போட்டுக்கிட்டே வந்தேன், மண் திரும்பப் புளிச்சு நாலாம் வருஷம் பழைய இடத்துக்கே வந்துட்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனா எல்லாரும் கேட்டுக்கோங்க. சுண்ணாம்புக்குப் பதிலா ஜிப்சம் போடாதீங்க, அது பி.எச்.சை ஏத்தாது. ஈயம் இருக்கிற மண்ணுல பாஸ்பேட் நல்லா வேலை செய்யும், ரெண்டும் சேர்ந்து லேசுல கரையாத உப்பாயிடும். அதையே ஆர்சனிக் மண்ணுல போட்டா வம்பு. ரெண்டும் ஒரே இருக்கைக்கு அடிச்சுக்கும், பாஸ்பேட் உக்காந்தா ஆர்சனிக் எழுந்து தண்ணியில இறங்கும். ராக் பாஸ்பேட்லயே காட்மியம் வரலாம், மூட்டைக்கு முன்னாடி அறிக்கையைக் கேளுங்க. தாமிரம் இருந்தா மட்காத தொழு உரம் வேண்டாம், அதுல கரையிற அங்ககப் பொருள் தாமிரத்தைக் கையோட இழுத்துட்டுப் போகும். அப்புறம்...

கரித்தூள்
மூணாம்போகம் அண்ணே, கேட்டது அனுபவம், நீங்க வகுப்பே எடுத்துட்டீங்க! நான் பயோசார் (காத்துப் படாம சுட்ட கரி) போட்டவ. தூவின அன்னைக்குக் காத்தடிச்சு, பக்கத்து வீட்டுக் கொடியில காஞ்ச வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்பு. நனைச்சுத் தூவணும்னு யாரும் சொல்லல. அதை விடுங்க. சுண்ணாம்பும் சேர்த்தே போட்டிருந்தேன், நாத்து நட்ட மூணாவது வாரம் இலையெல்லாம் துருப்புள்ளி. காட்மியத்தைப் பூட்டப் போய் அதோட பங்காளி துத்தநாகத்தையும் பூட்டிட்டேன். துத்தநாகம் பத்தாத பயிர் காட்மியத்தை இன்னும் அதிகமா இழுக்குமாம், அதுதான் வயிறெரியுது.

வரப்போரம்
மடைத்தண்ணி, உங்க சிவப்பு வட்டத்தைப் படிச்சதும் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஆர்சனிக்னு ஒரு வரியே இல்ல. நான் கேக்கவே இல்ல போல. பி.எச். ஏறினா அது இளகும்தானே?