கடைக் கணினியில் எழுதிய டிராஃப்ட் போனில் வரவில்லை. ஒரே கணக்கு, ஐமேப்தான். என்ன செய்ய?

ஈரோடு_ஜவுளி:
வணக்கம். எங்களுக்கு ஈரோட்டில் மொத்த ஜவுளி வியாபாரம். கடைப் பெயரிலேயே டொமைன் வாங்கி மெயில் வைத்திருக்கிறோம். கடைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள், ஆண்ட்ராய்டு போனில் போனோடு வந்த மெயில் ஆப். இரண்டிலும் ஐமேப் (மெயிலை மெயில் கம்பெனியின் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலும் காட்டும் முறை), போர்ட் 993 என்று பார்த்துவிட்டேன். வரும் மெயில் இரண்டிலும் வருகிறது, அனுப்பியதும் தெரிகிறது. டிராஃப்ட் மட்டும் அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

சாயங்காலம் கடையில் கொட்டேஷனைப் பாதி அடித்து வைத்துவிட்டு குடோனுக்குப் போவேன். சரக்கைப் பார்த்துவிட்டு போனிலிருந்தே முடித்து அனுப்பலாம் என்று திறந்தால் அது இருக்காது. போன வாரம் ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் புதிதாக அடித்து அனுப்பினேன். மீட்டர் 91 ரூபாய் என்று கடையில் எழுதியிருந்ததை 84 என்று போட்டுவிட்டேன். பார்ட்டி உடனே ஓகே சொல்லிவிட்டார், சொல்லாமல் இருப்பாரா!

அவசரக்குடுக்கை:
கணக்கை இரண்டிலும் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பழைய_அட்மின்:
ஐயா, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சர்வருக்குப் போகாத டிராஃப்ட் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கும். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கணக்கை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடலாம்.

முதலில் ஒரு விஷயம். கணினியும் போனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. இரண்டும் தனித்தனியாக சர்வரோடுதான் பேசுகின்றன. அதனால் "கணினியிலிருந்து போனுக்கு ஏன் வரவில்லை" என்று தேடினால் விடை கிடைக்காது. கணினியிலிருந்து சர்வருக்குப் போனதா, சர்வரிலிருந்து போனுக்கு வந்ததா என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இதற்கு நடுவில் ஒரு சாட்சி வேண்டும். பிரவுசரில் திறக்கும் வெப்மெயில்தான் அந்தச் சாட்சி, ஏனென்றால் அது காட்டுவது சர்வரில் உள்ளதை அப்படியே.

கணினியில் "சோதனை 1" என்று தலைப்பு போட்டு ஒரு வரி எழுதி, கன்ட்ரோல் எஸ் அழுத்தி, ஜன்னலை மூடுங்கள். வெப்மெயிலில் "சோதனை 2", போனில் "சோதனை 3". பிறகு எது எங்கே தெரிகிறது என்று சொல்லுங்கள். போனில் டிராஃப்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய்க் கீழே இழுத்து ரெஃப்ரெஷ் செய்துவிட்டுப் பாருங்கள். பல ஆப்கள் இன்பாக்ஸை மட்டும்தான் தானாகப் புதுப்பிக்கும்.

ஈரோடு_ஜவுளி:
செய்துவிட்டேன் அண்ணா. 2-ம் 3-ம் வெப்மெயிலிலும் இருக்கின்றன, போனிலும் இருக்கின்றன. 1 கணினியில் மட்டும்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தண்டர்பேர்டில் இடது பக்கம் இரண்டு டிராஃப்ட்ஸ் இருக்கிறது. எங்கள் மெயில் பெயருக்குக் கீழே ஒன்று, அதில் 2-ம் 3-ம். இன்னும் கீழே "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்பதில் இன்னொன்று, அதில் 140 இருக்கிறது! நான் இத்தனை நாளும் கீழே இருப்பதைத்தான் திறந்துகொண்டிருந்தேன்.

பழைய_அட்மின்:
அகப்பட்டுக்கொண்டது. லோக்கல் ஃபோல்டர்ஸ் என்பது உங்கள் ஹார்டு டிஸ்க். அதற்கும் சர்வருக்கும் தொடர்பே கிடையாது. கணக்கு ஐமேப்பாகவே இருந்தாலும் டிராஃப்ட்டை எங்கே வைப்பது என்பது தனி செட்டிங். முன்பு அமைத்துக் கொடுத்தவர் யாரோ அதை லோக்கலுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். அனுப்பிய மெயில் செட்டிங் சரியாக இருந்ததால் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதில் உங்கள் கணக்குக்குக் கீழே "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" திறங்கள். டிராஃப்ட் பகுதியில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று இருப்பதை மாற்றி உங்கள் மெயில் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். இனி எழுதுவது சர்வருக்குப் போகும்.

பழைய 140-ம் தானாக நகராது. இருபது இருபதாகத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள டிராஃப்ட்ஸுக்கு நகல் எடுங்கள். நகர்த்த வேண்டாம். வெப்மெயிலில் எல்லாம் திறக்கிறது என்று பார்த்த பிறகு லோக்கலில் அழிக்கலாம்.

கோவை_கணக்கர்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினையும் இதேதான், ஆனால் என் கணினியில் பாப் என்று காட்டுகிறது. எனக்கு அந்த செட்டிங்கை மாற்றினால் போதுமா?

பழைய_அட்மின்:
போதாது சார். பாப்3 என்பது தபால் பெட்டியில் இருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வருவது மாதிரி. திரும்பக் கொண்டுபோய் வைக்க அதில் வழியே இல்லை, ஃபோல்டர் என்ற பேச்சும் இல்லை. தண்டர்பேர்டில் பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்றவும் முடியாது. அதே மெயிலை ஐமேப்பில் புதுக் கணக்காகப் பக்கத்திலேயே சேர்த்து, வேண்டியதை அதற்குள் நகல் எடுத்துவிட்டு, பிறகு பழையதை நீக்குங்கள். அவசரம் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஈரோடு_ஜவுளி:
செட்டிங் மாற்றியதும் "சோதனை 4" போனில் வந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா! ஆனால் பழையதை நகல் எடுக்கும்போது அறுபது தாண்டியதும் ஏதோ கோட்டா என்று பிழை காட்டி நின்றுவிட்டது.

அப்புறம், காலையில் ஒரே கொட்டேஷன் டிராஃப்ட்ஸில் மூன்று தடவை கிடக்கிறது. ஒன்றில் 5 டிசைன், ஒன்றில் 7, ஒன்றில் 8.

பழைய_அட்மின்:
கோட்டா என்றால் சர்வரில் உங்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. நல்லவேளை இப்போதே தெரிந்தது. அப்படியே விட்டால் பார்ட்டிகள் அனுப்பும் மெயில் திரும்பிப் போகும். வெப்மெயிலில் டிராஷையும் ஸ்பாமையும் காலி செய்யுங்கள். ஜவுளிக்காரர் என்கிறீர்கள், டிசைன் படங்களோடு போன பழைய மெயில்தான் இடத்தை அடைத்திருக்கும். சென்ட் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள்.

மூன்று நகல் வருவது வேறு கதை. ஐமேப்பில் சர்வரில் உள்ள ஒரு கடிதத்தை உள்ளே போய்த் திருத்த முடியாது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஆப் புதிய பிரதி ஒன்றை ஏற்றிவிட்டு, பழையதற்கு "அழிக்கலாம்" என்று குறி போடும். பிறகுதான் அது நிஜமாக நீங்கும். தண்டர்பேர்ட் சாதாரணமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை தானே சேமிக்கும். நீங்கள் கடையில் ஜன்னலைத் திறந்து வைத்தபடியே குடோனுக்குப் போயிருப்பீர்கள். அங்கே போனில் திருத்தியது ஒரு பிரதி, இங்கே கணினி தன் கையில் உள்ளதைப் பழையபடி ஏற்றியது இன்னொன்று. நடுவில் நெட் துண்டித்தால் மூன்றாவதும் தங்கிவிடும். எது புதியது என்று சர்வருக்குத் தெரியாது, நீங்கள்தான் நேரம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாததை அழித்துவிட்டு, தண்டர்பேர்டில் அந்த ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து "காம்பேக்ட்" கொடுங்கள், குறி போட்டவை அப்போது நிஜமாக நீங்கும்.

கிளம்பும்போது சேமித்து மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஒரே டிராஃப்ட்டை இரண்டு இடத்திலும் திறந்து வைத்தால் இது வந்துகொண்டேதான் இருக்கும்.

நெல்லை_ஐபோன்:
ஐபோன்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மெயில் கணக்கின் "அட்வான்ஸ்டு" பகுதியில் "மெயில்பாக்ஸ் பிஹேவியர்ஸ்" இருக்கும். அதில் டிராஃப்ட்ஸ் மெயில்பாக்ஸ் "ஆன் மை ஐபோன்" என்று இருந்தால் போனுக்குள்ளேயே தங்கிவிடும். "ஆன் த சர்வர்" என்பதற்குக் கீழே உள்ள ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் எனக்கு அங்கே "டிராஃப்ட்", "டிராஃப்ட்ஸ்" என்று இரண்டு காட்டுகிறது. எது?

பழைய_அட்மின்:
வெப்மெயில் எதில் சேமிக்கிறதோ அது. மற்றது முன்பு எப்போதோ ஒரு ஆப் தானாக உண்டாக்கியதாக இருக்கும். எது டிராஃப்ட் ஃபோல்டர் என்று சர்வரே ஆப்புக்குச் சொல்லும் முறை 2011-இல்தான் ஐமேப்பில் வரையறுக்கப்பட்டது, ஆர்எஃப்சி 6154 என்ற இணையத் தர ஆவணத்தில். அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு ஆப்பும் பெயரைப் பார்த்து ஊகிக்கும். ஜிமெயிலை வேறு ஆப்பில் வைத்திருப்பவர்கள் பிரவுசரில் லேபிள்ஸ் செட்டிங்கில் டிராஃப்ட்ஸுக்கு நேரே "ஷோ இன் ஐமேப்" டிக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு_ஜவுளி:
டிராஷில் மட்டுமே பாதி இடம் போயிருந்தது. காலி செய்தபின் 140-ம் ஏறிவிட்டது. நேற்று கடையில் மூடிவிட்டுப் போய் குடோனில் திறந்தேன், விட்ட வரியிலிருந்தே ஆரம்பித்து அனுப்பினேன்.

பழையதை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது போன தீபாவளிக்கு மதுரைப் பார்ட்டி ஒருவருக்கு எழுதிய கொட்டேஷன் கிடந்தது. அனுப்பிவிட்டதாக நினைத்து, அவர் பதிலே போடவில்லை என்று இன்றுவரை கோபமாக இருந்தேன். இப்போதுதான் போன் செய்தேன். "என்ன பாய், ரேட்டே சொல்லாம விட்டுட்டீங்க" என்கிறார்.