எஸ்ஏடி சோதனை: 1000 சொல்லுக்கு மேல் பாடமாக்கியும் புள்ளி நகரவில்லை

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம், கணிதப் பிரிவு. அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் எஸ்ஏடிக்கு இன்னும் 11 கிழமை இருக்கிறது. கணக்கில் பயமில்லை, ஆனால் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதி எஸ்ஏடி எழுதும் புளூபுக் செயலியின் மாதிரிச் சோதனைகளில் 480, 510, 500 என்று அங்கேயே நிற்கிறது. 64 நிமிடத்தில் 54 கேள்வி. முதல் பாதியில் சறுக்கினால் இரண்டாம் பாதி இலகுவாக வரும், பிறகு பெரிய புள்ளிக்கு வழியே இல்லை.

மூன்று மாதமாகக் கொப்பியில் நாளுக்கு 20 சொல், தமிழ் அர்த்தத்தோடு எழுதினேன். அப்புறம் அதையே அன்கி என்ற சொல் அட்டைச் செயலியில் போட்டு பஸ்ஸிலும் தட்டிக்கொண்டு போனேன். ரியூசனில் தந்த பட்டியல் 2016க்கு முந்திய சோதனைக்கு உரியது, அதில் இருந்த வாயில் நுழையாத சொற்கள் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலப் பேப்பர் வாசி என்கிறான் அண்ணா, பத்திக்கு ஆறு தரம் அகராதி திறந்தால் எங்கே வாசிக்கிறது!

என்னைக் கவிழ்ப்பது தெரிந்த சொற்கள்தான். போன கிழமை 'டெம்பர்' வந்தது, கோபம் என்று நினைத்து அந்த விடையைத் தள்ளிவிட்டேன், அங்கே அது தணிப்பது என்ற வினை. 'குவாலிஃபை'யும் அப்படித்தான், தகுதி பெறுவது இல்லையாம், ஒரு கூற்றுக்கு வரம்பு போடுவதாம். கொப்பியில் இரண்டுக்கும் நேரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

தமிழ் மொழிமூலம் படித்து இந்தப் பகுதியில் 600 தாண்டியவர்கள், இப்படிப் பல அர்த்தம் உள்ள சொற்களை எப்படிப் படித்தீர்கள்?