440சி கத்தியில் செதில் ஏறாமல் பதம் போடுவது எப்படி?

கேள்வி:
அண்ணன்மாரே, வணக்கம். 440சி என்ற துருப்பிடிக்காத எஃகில், 3 மி.மீ. தகட்டில் சமையல் கத்தி செய்கிறேன். பதம் போட, அதாவது சூடாக்கி ஆறவைத்து இறுக்க, மின் உலையில் 1040 டிகிரி செல்சியஸ் வைத்து எடுத்தால் அலகு முழுக்கக் கருப்புச் செதில். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் சாணை பெல்ட் தீர்ந்துபோகிறது, வாய்ப்பக்கமும் மெலிந்துவிடுகிறது. செதில் போன பிறகும் மேல்தோலில் அரம் பிடிக்கிறது, அதாவது தோல் இறுகாமல் மெத்தென்று இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகுக்கு ஏன் இப்படி? வீட்டு அலுமினிய ஃபாயிலில் சுற்றி வைக்கலாமா?

பதில் 1:
தம்பி, அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். உலைக்குள் வைத்துவிடாதீர்கள்.

440சி-யில் இருக்கும் 17 சதவீத குரோமியம் அடுப்படி ஈரத்தைத் தாங்கும். 1040 டிகிரியில் உலைக்குள் இருக்கும் காற்றை அதனால் தாங்க முடியாது. ஆக்சிஜன் இரும்பைச் செதிலாக்குவதோடு தோலில் இருக்கும் கார்பனையும் எரித்து வெளியேற்றும். அரம் பிடிப்பது அந்தக் கார்பன் போன தோலில்தான். செதிலை விட இதுதான் பெரிய நஷ்டம்.

ஸ்டெயின்லெஸ் ஃபாயில் வாங்குங்கள், 0.05 மி.மீ. கனம். 321 ரகம் சுமார் 1090 டிகிரி வரை போதும், அதற்கு மேல் சூடு கேட்கும் எஃகுக்கு 309. அலகை அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் கைரேகை அப்படியே கறையாகப் பதியும். ஃபாயிலை உறை மாதிரி மடித்து, மூன்று ஓரத்தையும் இரண்டு மடிப்பு மடித்து, மர உருளையால் அழுத்துங்கள். மூடும் முன் உள்ளே தபால்தலை அளவு காகிதம், அலகில் படாமல். அது எரிந்து மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கத்தி முனைதான் ஃபாயிலைக் குத்திக் கிழிக்கும், அங்கே இன்னொரு துண்டு வையுங்கள். ஊசி முனை ஓட்டை போதும், அதைச் சுற்றிக் கருப்பு வட்டம் விழுந்துவிடும். ஃபாயில் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், தோல் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

பதில் 2:
ஃபாயில் விலை அதிகம். இரும்புப் பெட்டிக்குள் கரித்தூள் போட்டுப் புதைத்து வைத்தாலே செதில் வராதே?

பதில் 1:
செதில் வராது, உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் கரி தன் கார்பனைத் தோலுக்குள் ஏற்றும். ஏறிய கார்பன் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு ஆக்கிவிடும். துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் அங்கே குறைந்துபோகும். புளியும் எலுமிச்சையும் படுகிற கத்திக்கு அந்த வேலை வேண்டாம் நண்பரே.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, உலையிலிருந்து எடுத்ததும் ஃபாயிலைப் பிரித்துவிட்டு எண்ணெயில் விடணுமா?

பதில் 1:
பிரிக்கவே வேண்டாம். 440சி காற்றிலேயே இறுகும் எஃகு. உறையோடு எடுத்து 25 மி.மீ. கனமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அலகும் வளையாது. உறையின் மடிப்புகள் தகட்டுக்கு வெளியே நிற்கணும், இதை மட்டும் மறக்காதீர்கள். மடிப்பு இடையில் சிக்கினால் தகடு அலகில் படியாது, அந்த இடம் மெதுவாக ஆறி மெத்தென்று நிற்கும். கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும் பிரியுங்கள். இலேசான சாம்பல் நிறம் இருக்கும், 400 நம்பர் எமரித் தாளுக்கே போய்விடும். அன்றைக்கே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை டெம்பரிங் (உடையாமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது) போட்டுவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளவேண்டாம்.

பதில் 3:
1095 கார்பன் எஃகுக்கும் இதே உறை ஆகுமா?

பதில் 1:
ஆகாது. 1095-க்கு ஒரு நொடிக்குள் சூடு இறங்கணும், உறை அதற்குத் தடை. அதற்குச் செதில் தடுப்புப் பூச்சு இருக்கிறது. மெல்லிசாகப் பூசி, முழுக்கக் காயவிட்டு உலைக்குள் வையுங்கள், பூச்சோடே எண்ணெயில் விடலாம். வெங்காரம் (போராக்ஸ்) மட்டும் பூசாதீர்கள். உருகி வழிந்தால் உலைச் செங்கல்லையே அரித்துவிடும்.