பெரிய ஆலை வந்தும் ஊரில் புதுசாக எதுவும் பிறக்கவில்லையே, ஏன்?

கேள்வி (வடக்குத்தெரு):
எங்கள் ஊர்ப் பக்கம் கார் ஆலை வந்து பல வருடம் ஆகிறது. வேலை கிடைத்தது, வாடகை ஏறியது. ஆனால் இங்கிருந்து புதுப் பொருள் என்று ஒன்றும் வரவில்லை. கோவையில் மட்டும் எப்படி ஆளாளுக்குப் பம்பு, மோட்டார் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள்?

கணபதி லேத்:
அண்ணா, என் மனசில் புது இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) ஒன்று தோன்றினால் பேட்டர்ன்காரரிடம், அதாவது வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்பவரிடம், மரத்தில் செய்யச் சொல்வேன், அதைக் கொண்டுபோய் ஃபவுண்டரியில், அதாவது இரும்பு உருக்கி வார்க்கும் பட்டறையில், நாலு பீஸ் ஊற்றி வாங்கி, என் லேத்திலேயே கடைந்து, தெரிந்தவர் பட்டறையில் மோட்டாரில் பூட்டித் தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்துவிடுவேன். எல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். சரியாக வராவிட்டால் நாலு காஸ்டிங் காசோடு போயிற்று. ஆனால் டிராயிங் பார்க்கவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் நான் கற்றது ஒரு பெரிய கம்பெனியில், ஆறு வருடம். அது இல்லாமல் இந்தப் பட்டறை இல்லை.

பீளமேடு:
மேலே சொன்னதுதான் விஷயம். கோவைக்கு 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது, பஞ்சு மில்கள் பெருகின, மில் மெஷினைப் பழுது பார்த்தவர்கள் பட்டறை போட்டார்கள். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்தார்கள். அப்புறம் 1951-ல் பி.எஸ்.ஜி. டெக் என்ற பொறியியல் கல்லூரி, 1962-ல் மில் மெஷின் செய்யும் எல்.எம்.டபிள்யூ. கம்பெனி. பெரியதும் சின்னதும் சேர்ந்தே வளர்ந்த ஊர் இது. பெஞ்சமின் சினிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1961-லேயே அமெரிக்காவின் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டு எழுதினார். பிட்ஸ்பர்க்கில் பெரிய எஃகுக் கம்பெனிகள் வேண்டியதையெல்லாம் உள்ளேயே செய்துகொண்டன, அதனால் புதிதாகத் தொழில் தொடங்குகிறவனுக்கு உதிரி வேலை செய்துதர வெளியே ஆள் குறைவு. உங்கள் ஊரிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

சிட்கோ வாசி:
சின்னப் பட்டறை மட்டும் நூறு இருந்தாலும் ஆகாது. ஒரே பாகத்தை எல்லாரும் செய்து விலையை அடித்துக்கொள்வோம். இன்னொன்று, சிறு தொழில்களிடம் வாங்கியவர்கள் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டமே இருக்கிறது. எனக்குத் தர வேண்டிய பணத்தை ஒரு பெரிய கம்பெனி ஐந்து மாதம் நிறுத்தியது. அந்த வருடம் செய்து பார்க்க வைத்திருந்த பம்பு கண்ட்ரோலர் இன்னும் அரைகுறையாக மேஜையில் கிடக்கிறது. கையில் காசு சுழன்றால்தான் புதுசாகச் செய்து பார்க்கத் தோன்றும்.

வடக்குத்தெரு:
யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கம் பேட்டர்ன் செய்பவர் ஒருவர்கூட இல்லை. ஆலைக்கு வரும் உதிரி எல்லாம் வெளியூர் லாரியில்தான் வருகிறது. கணபதிக்காரரே, அடுத்த வாரம் வந்தால் உங்கள் பட்டறையைப் பார்க்கலாமா?